நிலானியின் மேல் காய்ந்த துணிகள்

அந்த வருடம் உறைபனி கார்த்திகை முடிவதற்கு முன்பே இறங்கிவிட்டது. இறங்கியது, விருந்துக்கு வந்து போக மனமில்லாத உறவுக்காரன் மாதிரி, தை மாதம் வரைக்கும் எழுந்திருக்கவே இல்லை. விடிந்து பார்த்தால் தேயிலைச் செடியெல்லாம் உப்புக் கொட்டியதுபோல் வெளுத்துக் கிடக்கும், குழாயைத் திறந்தால் தண்ணீருக்குப் பதில் ஒரு முனகல் வரும், தேங்காயெண்ணெய் பாட்டிலை அடுப்போரம் வைத்து அரைமணி நேரம் கெஞ்சினால்தான் ஒரு சொட்டு இறங்கும். கோத்தகிரிக்கு மேலே, ஒரே தகரக் கூரையின் கீழ் பன்னிரண்டு வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கிற கீழ் லைனில், அந்தப் பனியில் பட்ட பாடுகளில் பெரிய பாடு எது என்று கேட்டால் யாரும் சளி என்றோ இருமல் என்றோ சொல்லமாட்டார்கள். துணி காயவில்லை என்றுதான் சொல்வார்கள்.

இதெல்லாம் ஒரு துன்பமா என்று கீழே மேட்டுப்பாளையத்துப் பக்கம் இருப்பவர்கள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். பிள்ளைக்கு இரண்டு சீருடை, இரண்டு ஜோடி சாக்ஸ், ஒரு ஸ்வெட்டர் என்று இருக்கிற வீட்டில், ஞாயிற்றுக்கிழமை துவைத்தது வியாழக்கிழமை வரைக்கும் கொடியில் விறைத்து நின்றுகொண்டு, தட்டினால் தகரம்போலச் சத்தம் போட்டால் அந்த வீட்டுத் தாய் என்னதான் செய்வாள்? அடுப்புக்கு மேலே கம்பி கட்டித் தொங்கவிடுவாள், புகைவாடை ஏறும். சுடுதண்ணீர் நிரப்பிய குண்டானை வைத்துத் தேய்ப்பாள், கரி ஒட்டும். கடைசியில் ஈரத்தோடேயே மாட்டி அனுப்புவாள், சாயங்காலம் பிள்ளை நெஞ்சு கரகரத்துக்கொண்டு வரும். சீருடை இல்லாமலும் அனுப்ப முடியாது, தலைமையாசிரியர் அப்படி வந்த பிள்ளையை வாசலிலேயே நிறுத்திவிடுவார்.

ஐந்தாம் வீட்டுச் சுகந்திக்குப் பிள்ளைகள் மூன்று. மூத்தவள் தர்ஷினி நான்காம் வகுப்பு, அடுத்தவன் கிஷோர் ஒன்றாம் வகுப்பு, கடைசி நிலானிக்கு மூன்று வயது. கணவன் யோகநாதன் இருட்டோடு எழுந்து காரட் மூட்டை ஏற்றிய பிக்கப்பை ஓட்டிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போனால் திரும்ப மாலையாகிவிடும். ஆகவே விடிகாலையில் விறகை ஊதுவதும், சோறு வடிப்பதும், மூன்று தலையைச் சீவுவதும், ஒரு மூக்கைத் துடைக்கும்போது இன்னொரு மூக்கு ஒழுகுவதும், எல்லாம் முடித்து நிலானியைப் பிள்ளைக் காம்பராவில், அதாவது தோட்டத்து ஆயா பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகையில், விட்டுவிட்டு ஏழரை மணிக்குப் பெயர் கொடுக்கும் இடத்தில் போய் நிற்பதும் அவள் ஒருத்தி பாடு. ஐந்து நிமிடம் பிந்தினாலும் அன்றைய வேலை இல்லை. காலைப்பொழுதில் அவள் வாயிலிருந்து வரும் வார்த்தைகளை எண்ணினால் பாதிக்கு மேல் "சீக்கிரம்" ஆகத்தான் இருக்கும்.

அப்படியொரு காலையில்தான் அது நடந்தது. கிஷோர், "அம்மா, சாக்ஸ் ஈரம்மா, ரெண்டும் ஈரம்" என்று அழுதுகொண்டு நின்றான். பிழிந்தால் சொட்டுகிற அந்தச் சாக்ஸைச் சுகந்தி அடுப்போரம் வீச, அது தவறிப் போய் அங்கே குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த நிலானியின் முதுகில் விழுந்தது. இட்லித் துணியிலிருந்து வருவதுபோல் கொஞ்சம் ஆவி எழுந்தது. பதறிப்போய் எடுத்தால், சாக்ஸ் காய்ந்திருந்தது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சல் இல்லை. முதுகைத் தொட்டாள், வெந்த கிழங்கு மாதிரி கதகதவென்று இருந்தது. நிலானி ஒரு கண்ணைத் திறந்து, "கிஷோர் சாக்ஸ்" என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கினாள். மணி ஆறு ஐம்பது. ஆறு ஐம்பதுக்கு அதிசயப்பட்டுக்கொண்டு நிற்க எந்தத் தாய்க்கும் நேரமில்லை. சுகந்தி இரண்டாவது சாக்ஸையும் அந்த முதுகில் போட்டாள், தர்ஷினியின் பாவாடையையும் போட்டாள்.

அன்றைக்குத்தான் பல மாதங்களுக்குப் பிறகு அவள் ஓடாமல் நடந்து வேலைக்குப் போனாள். அந்தச் சுகத்தை அவளுக்கு மறக்கத் தெரியவில்லை. மறுநாள் தர்ஷினிக்கு இரட்டைச் சடையை வலிக்காமல் பின்ன நேரம் கிடைத்தது, அதற்கு மறுநாள் உட்கார்ந்து ஒரு டம்ளர் தேநீரைச் சூடாகவே குடித்தாள். நிலானிக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. "எம்மேல போடு, எம்மேல போடு" என்று குப்புறப் படுத்துக்கொண்டு, ஒவ்வொரு துணிக்கும் அது யாருடையது என்று பெயர் சொல்லிக்கொண்டிருப்பாள். குளிருது என்ற வார்த்தையையே அந்தப் பிள்ளை அறியாது, பனியில் வெறுங்காலோடு ஓடும். இன்னொன்றும் இருந்தது. அவள் மேல் காய்ந்த துணியில் பொழுது சாய்ந்த பிறகும் அடிமடியில் ஒரு சூடு மிச்சம் நிற்கும், அடுத்த தடவை துவைத்தாலும் போகாது. போட்டவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

இதைக் கிஷோர் பள்ளிக்கூடத்தில் சொல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அவன் சொன்ன அன்று மாலையே ஆறாம் வீட்டு ஸ்டெல்லா, எட்டு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்து, "அக்கா, பொறக்கப்போற புள்ளைக்குப் பழைய சேலையக் கிழிச்சு ஒரு துண்டு தச்சிருக்கேன், எட்டு நாளா காயல, பாப்பா மேல ஒரு நிமிசம் போட்டுத் தாங்கக்கா" என்றாள். கேட்டது பிள்ளைத்தாய்ச்சி, எப்படி மறுப்பது? அந்தத் துண்டை நிலானி ஒரு பகல் முழுக்கக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கினாள். லைனில் வெளியாள் கொண்டுவந்து காயவைத்த முதல் துணி அதுதான்.

பிறகு வரிசை வந்தது. மனிதர்களுக்கு எந்த அதிசயமும் இரண்டு நாள்தான், மூன்றாம் நாள் அதில் தனக்கு முன்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். காலையில் ஐந்தாம் வீட்டு வாசல் சுவரில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கல் என்று இடம்பிடித்து வைத்தார்கள். கல்லை நகர்த்தியதாகச் சண்டை வந்தது. சங்கத் தலைவர் பழனியாண்டி நடுவில் புகுந்து, வீட்டுக்கு ஐந்து நிமிடம், பள்ளிக்கூடத் துணி மட்டும், கம்பளிப் போர்வை கூடாது என்று சட்டம் போட்டார். அந்தச் சட்டத்தை அவரே மீறி, பேத்தியின் பாவாடைக்கு உள்ளே தன் குரங்குக் குல்லாவைச் சுருட்டிக் கொண்டுவந்ததை எல்லோரும் பார்த்தார்கள், யாரும் சொல்லவில்லை. தோட்டத்து நர்ஸ் ஜெசிந்தா வெப்பமானியை வைத்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் நார்மல்தான், ஒண்ணுமில்ல" என்று சொல்லி, போகிற போக்கில் தன் சால்வையையும் போட்டு எடுத்துக்கொண்டாள். கோயில் பூசாரி இது அம்மன் என்றார், சபை உபதேசியார் இது ஆண்டவர் என்றார், இரண்டு பேருமே துண்டு கொண்டுவந்திருந்தார்கள்.

சுகந்தியும் சும்மா வாங்கவில்லை, சும்மா கொடுக்கவும் இல்லை. ஒருவர் இரண்டு முட்டை வைப்பார், ஒருவர் ஒரு கட்டு விறகு, ஒருவர் நிலானிக்கு ஒரு மிட்டாய். வீட்டில் முட்டை வேகிற வாசனை வந்தது. யோகநாதனிடம் சொன்னபோது அவன் சோற்றுத் தட்டின் முன்னால் பாதித் தூக்கத்தில், "ஊருக்கே ஒதவுற புள்ளையா பொறந்திருக்கு, நல்லதுதானே" என்றான். நல்லதுதான் என்று அவளும் நினைத்துக்கொண்டாள்.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை, நிலானியைக் குளிப்பாட்டும்போது சுகந்தியின் கை பிள்ளையின் கால்விரலில் பட்டது. குழாயடிக் கல்லைத் தொட்டது மாதிரி இருந்தது. பத்து விரலும் அப்படித்தான். சுடுதண்ணீரில் வைத்தாள், தேய்த்தாள், எண்ணெய் போட்டாள். தண்ணீர்தான் ஆறியது. நிலானி வலிக்கிறது என்றும் சொல்லவில்லை, குளிருது என்றும் சொல்லவில்லை, "கால் தூங்குதும்மா" என்றாள்.

சுகந்திக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது. புரிந்தது என்பதை அவள் பின்னாளில் யாரிடமும் மறைக்கவில்லை. ஆனால் திங்கட்கிழமை காலை வந்தது, ஈரச் சீருடை வந்தது, வாசலில் கல் வரிசை வந்தது. காலுக்கு இரண்டு சாக்ஸ் மாட்டிவிட்டு முதுகில் துணியைப் போட்டாள். இந்த வாரம் மட்டும் என்றாள், பரீட்சை முடியட்டும் என்றாள், பொங்கல் கழியட்டும் என்றாள். ஒவ்வொரு தவணைக்கும் அந்தச் சில்லிப்பு ஒரு படி ஏறியது, கணுக்காலுக்கு, முழங்காலுக்கு, இடுப்புக்கு. நிலானி ஓடுவதை நிறுத்தினாள், பிறகு நடப்பதை. துணிகளின் பெயரைச் சொல்வதும் குறைந்துபோனது. பிள்ளைக் காம்பராவில் ஆயா, "ஒம்மக ரொம்ப சமத்தா ஆயிட்டா, வெச்ச எடத்துலயே இருக்கா" என்று சொன்ன அன்று, சுகந்தி தேயிலைக்குள் உட்கார்ந்து வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள்.

பொங்கல் முடிந்த மறுநாள் காலை அவள் வாசலில் குறுக்கே நின்றாள். சுவரிலிருந்த கற்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தேயிலைக்குள் எறிந்தாள்.

"இனிமே இல்ல. எம்புள்ளைக்கு நெஞ்சுல மட்டுந்தான் சூடு மிச்சம் இருக்கு. யாரும் வராதீங்க."

"இன்னும் ஒரு மாசந்தான் சுகந்தி, மாசி பொறந்தா வெயில் வந்துடும்" என்றார் பழனியாண்டி.

"ஒங்க பேத்திய குப்புறப் போட்டு அது மேல காயவைங்கண்ணே."

அவர் திரும்பிப் போனார். லைனே முகத்தைத் திருப்பிக்கொண்டது. முட்டை நின்றது, விறகு நின்றது, பக்கத்து வீட்டு ஸ்டெல்லா மட்டும் பச்சைப்பிள்ளைக்காரி என்பதால் கோபப்பட நேரமில்லாமல் இருந்தாள். அவளுக்கு மார்கழிக் கடைசியில், பனியின் உச்சத்தில், ஏழாம் மாதத்துப் பிள்ளை அளவுக்கே எடையோடு ஓர் ஆண் பிள்ளை பிறந்திருந்தது. அது பிழைத்துக் கிடந்தது அந்தத் துண்டின் சூட்டில்தான் என்று நர்ஸே சொன்னாள்.

குடியரசு தினம் வந்தது. இந்தத் தடவை கொடி பிடித்து முன்னால் நடக்க தர்ஷினியைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வெள்ளை பிராக், வெள்ளை சாக்ஸ். ஒரு வாரமாக அவள் விறகுக் குச்சியைப் பிடித்துக்கொண்டு லைன் வாசலில் நடந்து பழகினாள். முந்தின நாள் துவைத்த பிராக் விடிகாலையில் துணிக்கொடியில் பலகையாய் நின்றது. தர்ஷினி ஒன்றும் கேட்கவில்லை. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டாள், அதுதான் சுகந்தியைக் கொன்றது. ஊரையே விரட்டிவிட்ட தாய், கதவைச் சாத்தினாள். அன்றைக்கு வேலை கூடக் கிடையாது, சம்பளத்தோடு லீவு. அவசரமே இல்லாத ஒரு நாளில், பழகிப்போன அவசரம் அவள் கையைப் பிடித்து இழுத்துப்போனது.

"பாப்பா, ஒரே ஒருக்கா. அக்காவுக்கு மட்டும்."

நிலானி மல்லாந்து கிடந்தாள். "அக்கா கொடி புடிக்கிறதுக்கா?"

"ஆமாடா கண்ணு."

"அப்ப போடும்மா."

சுகந்தி வெள்ளை பிராக்கை அந்தச் சின்ன நெஞ்சில் விரித்தாள். தேநீர் கொதிக்கிற வரைக்கும்தான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள், தேநீர் கொதித்தது. பிராக் இஸ்திரி போட்டது மாதிரி காய்ந்திருந்தது. தர்ஷினிக்கு மாட்டி, பின்னால் நாடாவைக் கட்டி, பவுடர் போட்டு, அழகு பார்த்துவிட்டு, "பாரு பாப்பா, அக்காவப் பாரு" என்று திரும்பினாள். பாப்பா பார்க்கவில்லை. கண் மூடியிருந்தது. தொட்டால், வெளியே வைத்த செம்பைத் தொட்டது போலிருந்தது, நெஞ்சும் சேர்த்து. மூக்கருகே கையை வைத்தால் மூச்சு மட்டும் நூலாக வந்துகொண்டிருந்தது, அதுவும் குளிர்ந்த மூச்சு.

அவள் போட்ட சத்தத்தில் லைனே வெளியே வந்தது. யாரோ ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்கள். மலைப்பாதையில் கண் தெரியாத பனிமூட்டம், வருகிறது வருகிறது என்றார்கள். யோகநாதனின் போன் மண்டி இரைச்சலில் எடுக்கப்படாமல் அடித்துக்கொண்டிருந்தது. சுகந்தி பிள்ளையை மடியில் போட்டு, அடுப்பை நெருங்கி, தேய்த்து, ஊதி, தன் ஜாக்கெட்டுக்குள் நுழைத்து, "எடுத்துக்கடி, எல்லாத்தையும் எடுத்துக்க" என்று அரற்றினாள். அடுப்புச் சூடும் அந்த உடம்பில் ஏறவில்லை, தாயின் சூடும் ஏறவில்லை.

தர்ஷினி பிராக்கைக் கழற்றினாள். உள்பாவாடையோடு நடுங்கிக்கொண்டு வந்து, "அம்மா, இதுல பாப்பா சூடு இன்னும் இருக்கும்மா" என்று தங்கையின் மேல் போர்த்தினாள். பிராக் தொட்ட இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, தோல் பழைய நிறத்துக்குத் திரும்பியது.

அதைப் பார்த்ததும் சுகந்தி எழுந்து ஓடினாள். அவிழ்ந்த கொண்டையோடு, செருப்பில்லாமல், உறைபனி காலடியில் நொறுங்க, முதல் வீட்டிலிருந்து பன்னிரண்டாம் வீடு வரைக்கும் ஒவ்வொரு கதவிலும் இரண்டு கையாலும் அறைந்துகொண்டு, "குடுத்துடுங்க, அவ மேல காயப்போட்டதெல்லாம் குடுத்துடுங்க, நான்தான் பாவி, நான்தான் கடைசியா எடுத்தேன், எம்புள்ளையோடத எங்கிட்ட குடுத்துடுங்க" என்று கத்தினாள். தான் செய்ததை அவள் சொல்லாமலே கேட்டிருக்கலாம், ஆனால் சொன்னாள்.

கொடியேற்றத்துக்குத் தயாராக நின்ற பிள்ளைகள்தான் முதலில் கழற்றினார்கள். ஸ்வெட்டரைக் கழற்றினார்கள், சட்டையைக் கழற்றினார்கள், ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு சாக்ஸைக் கழற்றினார்கள், பனியனும் ஜட்டியுமாகப் பனியில் நின்று பல் தந்தியடிக்கத் துணியை நீட்டினார்கள். பூசாரி துண்டைக் கொடுத்தார், உபதேசியார் துண்டைக் கொடுத்தார், ஜெசிந்தா சால்வையை உருவினாள். பழனியாண்டி தலையிலிருந்த குரங்குக் குல்லாவை, ஊரார் முன்னிலையில், கழற்றிக் கொடுத்தார். ஒன்பதாம் வீட்டில் மட்டும், எங்களோடது அடுப்பில் காய்ந்தது என்று பொய் சொன்னார்கள். போகட்டும், அவர்களுக்கும் குளிர்தானே.

ஆறாம் வீட்டில் ஸ்டெல்லா கதவைத் திறக்காமல் உள்ளிருந்தபடியே அழுதாள். "அக்கா, மன்னிச்சுக்கக்கா. இந்தத் துண்ட எடுத்தா எம்புள்ள செத்துடும்."

கதவில் ஓங்கிய கையை அப்படியே நிறுத்திக்கொண்டு சுகந்தி நின்றாள். அந்தத் துண்டில்தான் எல்லாவற்றையும்விட அதிகச் சூடு இருந்தது, ஒரு பகல் முழுக்க நிலானி கட்டிப்பிடித்திருந்தது. கதவு லேசான தகரம், ஒரு உதை போதும். அவள் உதைக்கவில்லை. கையை இறக்கிக்கொண்டு, "வெச்சுக்க ஸ்டெல்லா" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். தன் வாசலுக்கு அந்த மூன்று அடியை நடப்பதற்குள் அவள் மனதில் பிள்ளையைப் புதைத்துவிட்டாள்.

அறுபத்து மூன்று துணிகளை நிலானியின் மேல் குவித்தார்கள். கால்விரல் வெதுவெதுத்தது, முழங்கால் வெதுவெதுத்தது, வயிறு கொஞ்சம் இளகியது, நெஞ்சு மட்டும் கல்லாகவே கிடந்தது. கூரைப் பனி உருகிச் சொட்டும் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. அரைகுறை உடையில் வாசலை அடைத்துக்கொண்டு நின்றவர்களின் மூச்சு புகையாக உள்ளே வந்துகொண்டிருந்தது. சுகந்திக்கு அழுகை கூட வரவில்லை. குவியலுக்கு வெளியே தெரிந்த ஒரு குட்டிக் காதை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஸ்டெல்லா வந்தாள். துண்டைக் கொண்டுவரவில்லை, துண்டுக்குள் இருந்த பிள்ளையைத் துண்டோடேயே கொண்டுவந்தாள். "பிரிச்சுக் குடுக்கத்தான் முடியலக்கா. ரெண்டும் ஒண்ணா கிடக்கட்டும்" என்று சொல்லி, துணிக்குவியலைத் திறந்து, தன் பிள்ளையை நிலானியின் நெஞ்சோடு நெஞ்சாகப் படுக்கவைத்து, துண்டை இரண்டு பேரையும் சுற்றிக் கட்டி, மேலே மறுபடி துணிகளை மூடினாள். ஸ்டெல்லா திரும்ப எடுத்துவிடுவாளோ என்று சுகந்தி பயந்தாள், தன் பிள்ளை செத்துவிடுமோ என்று ஸ்டெல்லா பயந்தாள், இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் நெரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

வெகுநேரம் கழித்துக் குவியலுக்குள்ளிருந்து ஓர் அழுகை வந்தது. சின்னவனின் அழுகை, பசி அழுகை. அதைத் தொடர்ந்து இன்னொரு குரல், எரிச்சலோடு, "யாரு இது? பாப்பா அழுவுது" என்றது.

யாரும் அசையவில்லை.

"அம்மா" என்றது அதே குரல். "குளிருதும்மா."

அந்த வார்த்தையைச் சொன்னதில்லை அந்தப் பிள்ளை, பிறந்த நாளிலிருந்து சொன்னதில்லை. சுகந்தி துணிகளை வாரி எறிந்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கினாள். எல்லாப் பிள்ளைகளையும் போல மூக்கு நுனி ஜில்லென்று, கழுத்தடி வெதுவெதுவென்று, உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்து, நிலானி உதறிக்கொண்டிருந்தாள். "குளிருதா கண்ணு? குளிருதா? நெசமாவே குளிருதா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்து, சிரித்தபடியே ஓவென்று அழுதாள்.

ஆம்புலன்ஸ் வந்தபோது, பிள்ளைகளெல்லாம் பனியனோடு அடுப்பைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் கீழ் லைன் பிள்ளைகள் ஒருவர்கூட இல்லாமல் கொடி ஏறியது, தர்ஷினியின் இடத்தில் வேறு யாரோ நடந்தார்கள். அன்று மாலை யோகநாதன் வந்து விஷயத்தைக் கேட்டு, மகளின் சில்லிட்ட மூக்கைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலையும் பனிதான், கொடியில் துணி விறைப்பாய்த்தான் நின்றது. "சாக்ஸ் ஈரம்மா" என்றான் கிஷோர். "தெரியும், போட்டுக்க" என்றாள் சுகந்தி. அவளே குனிந்து மாட்டிவிட்டாள், மாட்டிவிட்டு அந்தக் காலை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டிருந்தாள், மணி ஏழேகால் ஆகியும் தேய்த்துக்கொண்டிருந்தாள். கம்பளிக்குள்ளிருந்து நிலானி, குளிருது, குளிருது, குளிருது என்று பன்னிரண்டு வீடும் கேட்கக் கத்தினாள். சும்மா இரு என்று அவளை அந்த லைனில் யாருமே சொல்லவில்லை.